கணிப்பொறியில் தமிழ்: ஆட்சி யாருடையது?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய விழாவில் கணிப்பொறியைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம் அவையில் சிலருக்கேனும் எழுந்திருக்கும். ஐயம் முறையானதே. ஆயினும், பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, தாம் எழுதிய கவிதையைத் தாமே படிக்க இயலாமல் திகைத்து நின்ற கவிஞர் தமிழ்நாட்டில் ஓரிருவர் அல்லர். தொண்ணூறுகளில் ஒரு கணிப்பொறி அச்சகத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்து, குறுந்தட்டில் பதிந்து வாங்கி, பீரோவில் பத்திரப்படுத்திய தொகுப்பு அது. மறுபதிப்புக்கென்று இன்று திறந்தால் திரையில் தமிழ் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரி வரியாக நிற்கின்றன. கரையான் அரித்த சுவடியிலாவது எஞ்சிய எழுத்து தமிழாக இருக்கும். இங்கோ ஓர் எழுத்தும் அழியவில்லை. ஓர் எழுத்தும் தமிழாகவும் இல்லை.

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஒரு சொல்லைக் கொண்டே விளக்கலாம். ‘பாமினி’ என்பது தமிழகத்திலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பரவலாகப் புழங்கிய எழுத்துரு. அதில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணிப்பொறி தன் நினைவில் வைப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். ‘ஜே’ இருக்கும் இடத்தில் தகரத்தின் வடிவத்தையும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யின் புள்ளியையும் வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு உள்ளவரை அது தமிழ். எழுத்துருவை நீக்கிவிட்டால் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். வேறோர் எழுத்துருவை இட்டுப் பார்த்தால் இன்னும் விபரீதம். அந்த எழுத்துருவைச் செய்தவர் ‘ஜே’யின் இடத்தில் வேறு எழுத்தை அமர்த்தியிருப்பார்.

அந்நாளைய கணிப்பொறியில் எழுத்துகளுக்கென்று இருந்தவை மொத்தம் 256 இடங்கள். அவற்றுள் தமிழுக்கென்று ஓரிடமும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே ஆங்கிலத்தின் வீட்டில் தமிழைக் குடியேற்றுவது தவிர வேறு வழி இல்லை. எண்பதுகளில் கனடாவிலிருந்து கு. சீனிவாசன் ‘ஆதமி’யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’வையும், பின்னர் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’யையும் உருவாக்கினர். இவர்களும் இவர்களைப் போன்றோரும் இல்லாவிடில் தமிழ் கணிப்பொறிக்குள் நுழைந்திருக்கவே இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். குறை அவர்களுடையது அன்று. பொது ஏற்பாடு இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் அறிவுக்கு எட்டிய வரிசையில் எழுத்துகளை அடுக்கினர். வணிக நிறுவனங்கள் அவ்வரிசையை மறைபொருளாகவும் வைத்துக்கொண்டன. சில மென்பொருள்கள், கணிப்பொறியின் பின்புறம் செருகவேண்டிய ஒரு சிறு பூட்டோடு விற்கப்பட்டன. பூட்டு செருகியிருந்தால்தான் மென்பொருள் இயங்கும். அந்தப் பூட்டைச் செருகும் துளையே பின்னாளைய கணிப்பொறிகளில் இல்லாமற் போயிற்று. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும், அதில் தட்டச்சான நூல்களும் ஒரு துளைக்காகக் காத்துக் கிடக்கின்றன.

இந்தக் கரையில் இதனைப் பேசும்போது வேறொரு நூலின் நினைவு வருவதைத் தவிர்க்க இயலாது. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கமே கொண்ட சிறு நூல். அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் வாழ்ந்து, பரதவரிடையே தமிழ் கற்றவர். அவருடைய அச்சுப் பணிக்குப் பொருள் உதவியவர்கள் இந்தக் கடற்கரையின் பரதவ மக்கள். அதன் அச்செழுத்துகள் கோவாவில் 1577லும் கொல்லத்தில் 1578லும் வார்க்கப்பெற்றவை. அந்நூலின் அறியப்பட்ட ஒரே படி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1586இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. அந்த அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. இருந்தும் தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் சற்று முயன்றால் அதனை இன்றும் படித்துவிடலாம். எழுத்தை வார்த்த கொல்லனின் இசைவு அதற்குத் தேவையில்லை. நானூறு ஆண்டைக் கடந்த தாள் திறக்கிறது; முப்பது ஆண்டுகூட ஆகாத தட்டு திறக்க மறுக்கிறது.

தமிழ் எழுத்து என்றும் மாறாமல் நின்றது என்று இதனால் கொள்ளலாகாது. ஓலையில் புள்ளியின்றி எழுதிய வழக்கம் மாறிப் புள்ளி வந்தது. ஏகார ஓகாரங்களை வேறுபடுத்திக் காட்டும் முறை 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. 1935இல் பெரியார் தம் இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழக அரசு 1978இல் ஆணையிட்டு ஏற்றது. துதிக்கை போல் வளைந்த பழைய ‘லை’யும் ‘னை’யும் பாடநூல்களிலிருந்து விடைபெற்றன. கணிப்பொறிக்காரர்களின் மொழியில் சொன்னால் இவையெல்லாம் ‘புதுப்பித்தல்’களே. ஆனால் 1978இன் ஆணை எவர் வீட்டுப் புத்தக அலமாரியையும் இரவோடிரவாகத் திறந்து பழைய ‘லை’யை அழித்துவிடவில்லை. பழைய எழுத்தில் எழுத விரும்பிய முதியவர் தம் காலம் முடியும்வரை அவ்வாறே எழுதினார். அவர் கடிதத்தைப் பேரன் படித்தான். அந்தப் புதுப்பித்தலில் தாமதிக்கும் உரிமை இருந்தது. மறுக்கும் உரிமையும் இருந்தது.

கணிப்பொறியின் புதுப்பித்தல் அத்தகையதன்று. மாலையில் மூடி வைத்த கருவி காலையில் வேறு முகத்தோடு விழிக்கிறது. பழகிய விசை வேறிடத்தில் இருக்கிறது. தமிழ் விசைப்பலகையைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. ‘இப்போதா, பிறகா’ என்று கேட்கும் பொறி, ‘வேண்டாம்’ என்னும் விடைக்கு இடம் வைப்பதில்லை. பாதி எழுதிய கட்டுரையைக் காற்றில் விட்டுத் தானே அணைந்து தானே எழும் அதன் துணிச்சலை அறியாதவர் இந்த அவையில் குறைவாகவே இருப்பர்.

எனினும், புதுப்பித்தலே கூடாது என்று முழங்குவதும் பேதைமை. 2017 மே மாதத்தில் ‘வான்னகிரை’ என்னும் நச்சுநிரல் உலகெங்கும் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, இட்டுக்கொள்ளாதவர்கள் சிக்கினர். அடுத்த மாதமே கதை தலைகீழாயிற்று. உக்ரைன் நாட்டில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பித்தலுக்குள்ளேயே வேறொரு நச்சுநிரலைப் பகைவர் ஒளித்து அனுப்பினர். நல்ல பிள்ளையாகப் புதுப்பித்துக்கொண்டவர்கள் கெட்டனர். மேர்ஸ்க் என்னும் பெருங்கப்பல் நிறுவனத்தின் கணிப்பொறிகள் உலகெங்கும் இருண்டன. மும்பையை அடுத்த ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனத்தின் சரக்குப்பெட்டக முனையமும் முடங்கியது. துறைமுக ஊரினருக்கு அதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. பெட்டகம் நகராவிட்டால் லாரி நகராது; லாரி நகராவிட்டால் சுமை தூக்குபவர் வீட்டு அடுப்பும் நகராது. 2024 ஜூலை 19 அன்று நிகழ்ந்ததில் பகைவர் எவரும் இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருளின் பிழையான ஒரு புதுப்பித்தல் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகளை ஒரே நாளில் வீழ்த்தியது. இந்திய விமான நிலையங்களில் பயணச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆகவே, வழக்கு புதுப்பித்தலின்மேல் அன்று. அதை முடிவு செய்யும் கை யாருடையது என்பதன்மேல். முத்துக்குளிப்பார் வழக்கில் இதற்கு ஓர் இணை உண்டு. கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்குபவன், மேலே தோணியில் தன் கயிற்றைப் பிடிக்க மைத்துனனை அமர்த்துவான் என்று சொல்வார்கள். தங்கை தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. கயிறு பிடிப்பவன் யார் என்று குளிப்பவனுக்குத் தெரியும். ஏன் அவன் கையை நம்பலாம் என்பதும் தெரியும். இன்றைய கணிப்பொறியின் கயிறோ கடல்கடந்த ஊரில், முகமறியாதவர் கையில் இருக்கிறது. அவர்கள் தீயவர்கள் என்பதில்லை. மைத்துனர்கள் இல்லை, அவ்வளவே.

இதில் சட்டத்தின் பக்கமும் ஒன்றுண்டு. கடையில் விலை கொடுத்து வாங்குவது மென்பொருளை அன்று. அதைப் பயன்படுத்தும் இசைவை மட்டுமே. பக்கம் பக்கமாக நீளும் அந்த இசைவுப் பத்திரத்தைப் படிக்காமலே எல்லாரும் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்துகிறார்கள். அதன் பொருள் 2009 ஜூலையில் வாசகர் சிலருக்கு விளங்கியது. அமேசான் நிறுவனத்தின் மின்னூற் கருவியில் அவர்கள் பணம் கொடுத்து வாங்கியிருந்த சில நூல்கள் ஒரு நாள் மறைந்துபோயின. விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்று கண்ட நிறுவனம், தொலைவிலிருந்தபடியே வாசகரின் கருவியிலிருந்து அவற்றை நீக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. எதிர்ப்பு எழுந்தபின் மன்னிப்பும் கேட்டது. மறைந்த நூல்கள் ஜார்ஜ் ஆர்வெல் எழுதியவை. அவற்றுள் ஒன்று ‘1984’. வேண்டாத எழுத்தை அரசு அழித்துக்கொண்டேயிருக்கும் உலகைப் பற்றிய நாவல் அது. புனைகதையில் எழுதினால் மிகை என்று திறனாய்வாளர் ஒதுக்கியிருப்பர்.

வாங்கியது வேறு, வாடகைக்குப் பிடித்தது வேறு என்பதை இந்த ஊர் நூறாண்டுக்கு முன்பே பட்டறிந்திருக்கிறது. 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மூலதனம் பத்து இலட்சம். தொடக்கத்தில் அச்சங்கத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் நிறுவனம் ஒன்றின் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினர். ஆங்கிலக் கப்பல் நிறுவனத்தின் நெருக்குதலால் அந்நிறுவனம் தன் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பயணிகள் இருந்தார்கள், சரக்கு இருந்தது, பங்குதாரர் இருந்தனர். கப்பல் மட்டும் இல்லை. உடனடித் தேவைக்கு இலங்கையிலிருந்து ஒரு கப்பலை அமர்த்திக்கொண்டாலும், சொந்தக் கப்பல் இல்லாமல் இத்தொழில் நிலைக்காது என்பதைச் சிதம்பரனார் கண்டுகொண்டார். வடக்கே சென்று பங்கு திரட்டினார். ‘காலியா’வும் ‘லாவோ’வும் தூத்துக்குடிக்கு வந்தன. எதிர் நிறுவனம் அடுத்துச் செய்ததும் கவனிக்கத்தக்கது. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போய், கையில் ஒரு குடையும் கொடுத்ததாக வரலாறு பேசுகிறது. இலவசமாக வந்து இறங்கும் செயலிகளைக் கைப்பேசியில் ஏற்றும்போது அந்தக் குடையை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. கப்பல் சொந்தமாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் இந்த ஊர் அறியும்.

மென்பொருளில் சொந்தக் கப்பல் என்பது எது? 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவருக்கு ஓர் அச்சுப்பொறியால் இடர் வந்தது. தாள் சிக்கிக்கொண்டால் தெரிவிக்கும்படி முந்தைய பொறியின் நிரலை அவர் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறியின் நிரலைத் தர மறுத்துவிட்டனர். தாள் சிக்கியது என்னும் அற்பச் சிக்கலிலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. 1983இல் அவர் அறிவித்த ‘குனு’ திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய ‘லினக்ஸ்’ கருவும் சேர்ந்ததே இன்று கட்டற்ற மென்பொருள் எனப்படும் பெரும்பரப்பு. பயன்படுத்தவும், உள்ளே பார்க்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் எவர்க்கும் அதில் உரிமை உண்டு. தமிழகத்தில் 2007ஐ ஒட்டி எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாற முற்பட்டதும், அதே ஆண்டு சி-டாக் ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை வெளியிட்டதும் நல்ல தொடக்கங்கள். அவை அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வேரூன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 2025 அக்டோபர் 14இல் ‘விண்டோஸ் 10’க்கான பொது ஆதரவு முடிவுற்றபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணிப்பொறிகளை வைத்திருந்தோர் பலர், புதிதாக வாங்குவதா, பழையதை அஞ்சி அஞ்சி ஓட்டுவதா என்றே எண்ணினர், லினக்ஸை இட்டுப் பார்க்கலாம் என்னும் மூன்றாம் வழி பலருக்குத் தோன்றவே இல்லை.

இனி, மீண்டும் எழுத்துக்கு வரலாம். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகள் பொது ஒழுங்கு தேடின. சென்னை மாநாட்டின் பயனாக ‘டாப்’, ‘டாம்’ என்னும் குறியீட்டு முறைகளும் ‘தமிழ் 99’ விசைப்பலகையும் அரசின் ஏற்பைப் பெற்றன. இணையத்தில் புழங்கிய தமிழன்பர்கள் தாங்களே கூடிப் பேசித் ‘திஸ்கி’ முறையை அமைத்தனர். இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1991இலேயே, உலக மொழிகள் அனைத்துக்குமான ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு பகுதி கிடைத்திருந்தது. அதுவே இறுதியில் நிலைத்தது. அதில் தகரம் என்றும் தகரமே. எழுத்துரு மாறினாலும் பொறி மாறினாலும் அது ‘ஜே’ ஆகாது. எல்லா ஏற்பாடுகளையும்விடத் தமிழ் எழுத்தாளனுக்கு மிகுந்த பாதுகாப்பைத் தந்தது இந்த ஒன்றே எனலாம்.

கவிஞர்களுக்கு ஒரு குறை மட்டும் உண்டு. ‘தமிழ்’ என்பதை இலக்கணம் மூன்றெழுத்து என்று எண்ணும். ஒருங்குறி ஐந்தாக வைக்கும். மகரமும் இகரக் குறியும் இரண்டு, ழகரமும் புள்ளியும் இரண்டு, தகரம் ஒன்று. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி அடிக்குப் பதினாறோ பதினேழோ எழுத்து எண்ணும் புலவர், இந்தக் கணக்கை நம்பினால் தளையும் தட்டும், தலையும் சுற்றும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் ‘டேஸ் 16’ என்னும் முறையை ஆதரித்தவர்களின் மனக்குறை இதுவே. 2010 ஜூன் மாதக் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியையும் அதற்குத் துணையாக ‘டேஸ் 16’ஐயும் ஏற்று ஆணையிட்டது. நடைமுறையில் வென்றது ஒருங்குறி. எழுத்தெண்ணும் சிறு நிரலைக் கட்டற்ற முறையில் எவரும் எழுதிக்கொள்ளலாம் என்பதால், இந்தத் தோல்வியைப் பெரிதாகக் கருதவேண்டியதில்லை.

குறியீட்டு அட்டவணை வெளிப்படையாக இருப்பதன் பயனை மதுரைத் திட்டத்தில் காணலாம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய அத்திட்டத்தில், உலகெங்குமுள்ள தன்னார்வலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எவரும் படிக்க வழங்கினர். அந்நூல்கள் முதலில் ‘மயிலை’யில் இருந்தன, பின்பு திஸ்கிக்கு மாறின, அதன்பின் ஒருங்குறிக்கு மாறின. இருமுறை வீடு மாறியும் நூல்கள் தொலைந்துபோகவில்லை. எந்த எழுத்து எந்த எண்ணில் அமர்ந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், மாற்றும் நிரலை எழுத முடிந்தது. அச்சகங்களிலோ நிலை வேறு. பலருடைய கைக்கருவியாக இருந்த ‘பேஜ்மேக்கர்’ 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோயிற்று. அது ஒருங்குறித் தமிழை அறியாது. எனவே உலகம் ஒருங்குறிக்கு வந்த பின்னும் தமிழ்ப் பதிப்புலகின் பெரும்பகுதி பழைய எழுத்துருவிலேயே நூல்களை அடித்துக் குவித்தது. மீட்கவேண்டிய கோப்புகள் தொண்ணூறுகளோடு முடிந்துவிடவில்லை.

மீட்க விரும்புவோர் செய்யத்தக்கது பெரிய வித்தையன்று. பழைய கோப்போடு அது எந்த எழுத்துருவில் தட்டச்சானது என்பதையும் எழுதி, கிடைத்தால் அந்த எழுத்துருவின் கோப்பையும் உடன் வைக்கவேண்டும். பாமினி முதலிய புகழ்பெற்ற எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதை ஒரு நிறுவனத்தின் மென்பொருள் மட்டுமே திறக்கும் வடிவில் அன்றி, வெற்று உரைக் கோப்பாகவும் ஒரு படி சேமித்தல் நன்று. அதையும் ஒருமுறை தாளில் அச்சிட்டுக்கொண்டால் பழிப்பார் எவரும் இல்லை.

மெய்ப்புப் பார்ப்பதையும் விட்டுவிடலாகாது. பொறி மாற்றித் தந்தது என்பதற்காக அப்படியே அச்சுக்கு அனுப்பினால் பிழை மலியும். ரகரத்துக்குப் பதில் துணைக்கால் அடித்த பழைய வழக்கம் அப்படியே வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடும்போது தெரியும். அதினும் பெரிது ‘ஔ’ படும் பாடு. பழைய தட்டச்சில் பலரும் ஒகரத்தை அடித்துப் பக்கத்தில் ளகரத்தை வைத்து ஔகாரமாகக் காட்டினர்; மாற்றுநிரல் அதனை ஒகரம், ளகரம் என்னும் இரண்டு எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். திரையில் வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் நூலின் இறுதியில் பெயரகராதி செய்யப் புகுந்தால் ஒரு புலவர் மட்டும் தம் இடத்தில் இருக்கமாட்டார். மாற்றி முடித்த கோப்பில் முதலில் தேடிப் பார்க்கவேண்டிய பெயர் ஔவையார்.